நீல நூல் கட்டிய ரியூப்

மாலை நாலு மணிக்குத் தேவகுமாரி கார்க் கொட்டிலுக்குள் போவாள். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவாள். பிறகு கண்ணாடிகளை உயர்த்திவிட்டு, சாரதி ஆசனத்திலிருந்து எழுந்து சுற்றிவந்து, பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்துகொள்வாள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன காரணம் பற்றரி. ஓடாமல் நின்றால் பற்றரி இறங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் போதுமே, மிச்ச முக்கால் மணி நேரம் எதற்கு என்று கேட்கிற துணிவு கோப்பாயில் யாருக்கும் இல்லை. அந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்குப் பொத்தான் துளை தைக்கக் காட்டிக்கொடுத்த தையல் ரீச்சர் அவள். ஓய்வு பெற்ற பிறகும் அவளைக் கண்டால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்கிற வளர்ந்த பெண்கள் இருந்தார்கள்.

உண்மையான காரணம் ஒரு மணம். கால் வைக்கிற இடத்துக்கு மேலே எங்கிருந்தோ பெற்றோல் மெல்ல மெல்ல மணக்கும். இரண்டு மூச்சு இழுத்தால் நெற்றி இளகும். ஐந்தாறு மூச்சில் கொட்டிலின் தென்னோலைக் கிடுகுகள் விலகிப்போகும். நிற்கிற கார் நின்றபடியே ஓடத் தொடங்கும். கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகிற வீதி அது. இரண்டு பக்கமும் கடல்நீரேரி, வெயில் பட்டு வெளுத்துக் கிடக்கிற தண்ணீர், யாரோ நட்டுவிட்டு மறந்துபோனது போல ஒற்றைக் காலில் நிற்கிற கொக்குகள். சாரதி ஆசனத்தில் ஜொனதன் இருப்பார். எட்டு வருடத்துக்கு முன்னால், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கையில், பள்ளிக்கூட விஞ்ஞான அறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துபோன அவளுடைய கணவர்.

அவர் ஒன்றும் கதைக்கமாட்டார். கியரிலிருந்து இடது கையை எடுத்து, சேர்ட் பையில் விட்டு, ஓர் இஞ்சி ரொபியை எடுத்து, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் பக்கம் நீட்டுவார். அவள் வாங்கித் தாளைப் பிரிப்பாள். வாயில் போடுவதற்குள் கனவு கலைந்துவிடும். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்காது. நடக்கவேண்டும் என்று அவளும் கேட்கவில்லை.

பெற்றோல் மணத்தைக் கெட்ட மணம் என்று சொல்கிறவர்கள் வேறெங்கோ வளர்ந்தவர்கள். தேவகுமாரிக்குக் கல்யாணம் நடந்த காலத்தில், குடாநாட்டுக்குள் பெற்றோல் வர முடியாதபடி தடை இருந்தது. வந்த கொஞ்சமும் சின்னப் போத்தல்களில் அளந்து விற்கப்பட்டது. கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடுகிற காரைக் கிளப்புவதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல் வேண்டும். பொனற்றைத் திறந்து, காபரேற்றருக்குள் அந்த நாலு சொட்டை விட்டால்தான் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பும். அந்த நாலு சொட்டை ஜொனதன் ஒரு மைப்போத்தலில் அடைத்துச் சேர்ட் பையில் வைத்திருந்தார். ரொபி இருந்த அதே பைதான். துவைக்கப் போடுகிற சேர்ட்டில் பெற்றோல் மணந்தால், ஆபத்து வந்தால் ஆசுபத்திரிக்குப் போக இந்த வீட்டில் வழி இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சேர்ட்டை முகர்ந்துவிட்டு அவள் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறாள். பெற்றோல் இல்லாமல் போய்விடுமோ என்றுதான் அந்தக் காலத்து ஆட்களுக்குப் பயம். பெற்றோலைக் கண்டு பயப்பட அவர்கள் பழகவேயில்லை.

கார் அவளைவிட வயதில் மூத்தது. ஐந்து ஸ்ரீ என்று தொடங்குகிற பழைய இலக்கத் தகடு, வட்டமான முகம், மழைக்காலத்தில் மட்டும் பிடிவாதம். பெற்றோல் தாராளமாய் வரத் தொடங்கிய பிறகும் எஞ்சினுக்குப் பக்கத்தில் எங்கோ ஓரிடம் கசிந்தது. ஜொனதன் மாதத்தில் முதல் சனிக்கிழமை அந்த இடத்தில் பார் சவர்க்காரத்தை நசுக்கி அப்புவார். பெற்றோலில் சவர்க்காரம் கரையாது என்று விஞ்ஞான விளக்கமும் கொடுப்பார். அவர் போன பிறகு தேவகுமாரி இரண்டு மூன்று மாதம் அந்த வேலையைச் செய்தாள். சவர்க்காரம் அப்பிய நாட்களில் மணம் வரவில்லை. ஜொனதனும் வரவில்லை. பிறகு அவள் சவர்க்காரம் அப்புவதை மறந்துவிட்டாள்.

மறந்துவிட்டாள் என்று அவள்தான் சொல்லிக்கொண்டாள். கைக்குட்டை விளிம்பில் ஒரு தையல் பிசகினாலும் பத்து வருடம் கழித்துச் சொல்லிக்காட்டுகிற பெண்ணுக்கு இது மட்டும் மறந்ததாம். நாங்கள் நம்பவேண்டும்.

மருமகள் அனுஜாவின் வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. தேவகுமாரியின் ஒரே மகன் கெல்வினுக்கு மன்னாரில் வங்கி வேலை, வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை போய்விடுவான். அனுஜாவின் தாய்வீடு சாவகச்சேரி. தலைப்பிள்ளை அங்கேதான் பிறக்கவேண்டும் என்று முடிவாகியிருந்ததால் கிளினிக்கும் அங்கேதான். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மாமியார் மருமகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கைதடி வீதியால் போவாள். பேறு காலத்துக்கும் நான்தான் கொண்டுபோய் விடுவேன், பிள்ளையோடு நான்தான் கூட்டிவருவேன் என்று கெல்வினுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவன் பிறந்ததும் இந்தக் காரின் புண்ணியத்தால்தான், அவன் பிள்ளையும் இதில்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அவள் ஆசை.

அனுஜா குரலை உயர்த்தாத பெண். ஐந்தாம் மாதத்தில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். ஆறாம் மாதத்தில் தேசிக்காய் இலையைக் கசக்கிக் கைக்குட்டைக்குள் வைத்தாள்.

"மாமி, கார் பெற்றோல் மணக்குது."

"பழைய கார் எண்டால் அப்பிடித்தான் பிள்ளை. இந்த நேரம் உமக்குச் சோறும் மணக்கும், சட்டியும் மணக்கும்."

"சோறு மணக்கேல்லை மாமி. இதுதான் மணக்குது."

தேவகுமாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் காரில் காலடிக்கு மேலே பெற்றோல் போத்தலையே கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஓடிய காலமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, இப்போது மட்டும் என்ன நடந்துவிடப் போகிறது என்பது அவளுடைய கணக்கு.

எட்டாம் மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசியதால் கண்ணாடிகளை உயர்த்தியிருந்தார்கள். கடல்நீரேரிக்கு நடுவே வீதி நேராக நீண்டு கிடந்தது. தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. கொட்டிலுக்குள் இருந்து அவள் தினமும் பார்க்கிற அதே வெளிச்சம். மணம் காலடியிலிருந்து எழுந்து, ஒரு மெல்லிய போர்வையைத் தோளுக்கு இழுத்துவிடுவது போல அவளைச் சுற்றிக்கொண்டது. காரின் சத்தம் தூரப்போனது. பக்கத்தில் ஜொனதன் இருந்தார். சேர்ட் பைக்குள் கை போனது. அவர்தானே ஓட்டுகிறார்? பக்கத்து ஆசனத்தில் இருக்கிறவளுக்கு ஸ்ரியரிங் எதற்கு? தேவகுமாரி இரண்டு கையையும் ஸ்ரியரிங்கிலிருந்து எடுத்து, மடியில் வைத்து, ரொபித் தாளைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"மாமி!"

சில்லுகள் வீதி ஓரத்துப் புல்லில் தடதடத்தன. அனுஜா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்ரியரிங்கைத் தன் பக்கமிருந்து தள்ளினாள். தேவகுமாரியின் கால் தானாகப் பிரேக்கைத் தேடிக்கொண்டது. கார் தண்ணீருக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது.

அனுஜா இறங்கி, கல்லொன்றில் கையை ஊன்றிக் குனிந்து, தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாள். தேவகுமாரி அவள் முதுகைத் தடவினாள். பிறகு போய்ப் பொனற்றைத் திறந்தாள். எஞ்சினின் ஓரத்தில் ஈரம் பளபளத்தது. ஒரு துளி திரண்டு, தொங்கி, கீழே சூடாக இருந்த புகைக் குழாயில் விழுந்து 'ஸ்' என்று மறைந்தது. பார்த்துக்கொண்டு நிற்க இன்னொன்று. அது தீப்பிடிக்காமல் இவ்வளவு நாளும் ஓடியதற்கு எந்தக் காரணமும் அவளுக்குத் தோன்றவில்லை.

"பிள்ளை, என்னை மன்னியும்," என்றாள்.

"சத்தி வாறதுக்கு எனக்குப் பயமில்லை மாமி," என்றாள் அனுஜா, முகத்தைத் துடைத்தபடி. "நீங்கள் சிரிச்சுக்கொண்டிருந்தனீங்கள். கையை விட்டிட்டுச் சிரிச்சுக்கொண்டிருந்தனீங்கள். அதுதான் பயம்."

வழியில் வந்த ஓட்டோ ஒன்று அனுஜாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனது. தேவகுமாரி வீதி ஓரத்தில் நின்று பிலிப்புவுக்கு ரெலிபோன் எடுத்தாள். பிலிப்பு குருநகர் ஆள். ஆறு நாளும் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைத் திருத்துவது தொழில், பழைய கார்களில் ஒரு பலவீனம். காரைக் கிளப்பவே கூடாது, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள் என்று சொன்னார். கைதடியில் தெரிந்த ஒருவருடைய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைக் கேட்டு வாங்கி வந்து கயிற்றில் கட்டினார். இழுபட்டு வந்த காருக்குள் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி, கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, தையல் ரீச்சர் ஊருக்குள் வந்தாள். வேலிக்கு மேலால் பார்த்தவர்களை அவள் பார்க்கவில்லை.

கொட்டிலுக்கு வெளியே, வேப்ப மர நிழலில், பிலிப்பு தலையை எஞ்சினுக்குள் விட்டவர் சட்டென்று வெளியே எடுத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். தேவகுமாரியின் சபையில் அந்தப் பழக்கம் இல்லை. வேறு நாளென்றால் புருவம் உயர்ந்திருக்கும். இன்றைக்கு அவளுக்கும் போடவேண்டும் போல இருந்தது.

"ரீச்சர், உதென்ன உது?"

"சேலைன் ரியூப்."

"சேலைன் ரியூப் எண்டு எனக்கும் தெரியும். காருக்கு ஆர் சேலைன் ஏத்தினது?"

அவள் சொன்னாள். கெல்வின் வயிற்றில் இருந்தபோது, மண்ணெண்ணெயில் ஓடிய கார் நினைத்த இடத்தில் நின்றது. நிற்கிற ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பொனற்றைத் திறந்து பெற்றோல் விடவேண்டும். வலி வந்தபிறகு நடுவீதியில் அப்படி நின்றால் என்ன செய்வது என்று ஜொனதன் பத்து நாள் யோசித்தார். பிறகு ஆசுபத்திரியில் எறிந்த சேலைன் ரியூப் ஒன்றைக் கொண்டுவந்து, பேனைக் கூடொன்றை வெட்டி மூட்டுப் போட்டு, எஞ்சினுக்குப் போகிற குழாயோடு பொருத்தினார். மறு முனையை எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஓட்டை போட்டு உள்ளே எடுத்து, காலடிக்கு மேலே தொங்கவிட்ட பெற்றோல் போத்தலில் செருகினார். ஆசனத்தில் இருந்தபடியே கிளிப்பைத் தளர்த்தினால் பெற்றோல் சொட்டும். வலி வந்த அன்றைக்குக் கார் மூன்று தரம் நின்றது. மூன்று தரமும் அவர் இறங்கவில்லை. ஒரு கையால் கிளிப்பையும் மறு கையால் ஸ்ரியரிங்கையும் பிடித்துக்கொண்டு, நடுவில் அவளுக்கு ஒரு ரொபியும் தந்து, நடுமத்தியான வெயிலில் ஆசுபத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார்.

"அவர் கெட்டிக்காரன்," என்றார் பிலிப்பு. "ஆனால் இது முப்பது வருசத்துக்குச் செய்த வேலை இல்லை ரீச்சர். ஒரு நாளைக்குச் செய்த வேலை. பேந்து ஆரும் கழட்டேல்லை. உள்ளை வந்த முனையை வெட்டிப்போட்டு, மிச்சத்துக்குத் தக்கை வைச்சுக் கட்டியிருக்கிறார். இப்ப ரியூப் காய்ஞ்சு வெடிச்சுப் போச்சு. தகட்டிலை போட்ட ஓட்டையும் அப்பிடியே கிடக்கு. அதாலைதான் உங்களுக்கு உள்ளுக்கை மணக்கிறது."

அவர் விலக்கிக் காட்டிய இடத்தில் ஒரு மரத்தக்கை இருந்தது. அதைச் சுற்றி நீல நூல், நெருக்கமாக, பதினைந்து இருபது சுற்று. தேவகுமாரி குனிந்து பார்த்தாள். பொத்தான் தைக்கிற தடித்த நூல். அவளுடைய தையல் பெட்டியில் இருந்து ஒரு காலத்தில் காணாமல் போய், அவள் வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் நிற்கவைத்து விசாரித்த அதே நூல்.

"கள்ளன்," என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிலிப்பு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணாடியைப் பூட்டிப்போட்டு உதுக்குள்ளை இருக்கிறனீங்களோ?"

"சிலநேரம்."

"தலை சுத்திக் கிறுதியாய் வரும். நித்திரை வரும். ஒரு மாதிரிக் கனவெல்லாம் வரும். எனக்கும் ஒருக்கா வந்தது ரீச்சர். போட்டின்ரை பெற்றோல் ராங்குக்குள்ளை தலையை விட்டு வேலை செய்துகொண்டிருக்க, அம்மா வந்து சோறு போட்டவ."

"அம்மா இருக்கிறாவோ?"

"அப்பவே செத்து எட்டுப் பத்து வருசம்."

"சோற்றைச் சாப்பிட்டனீங்களோ?"

கேள்வி பிலிப்புவுக்கு விசித்திரமாகப் பட்டிருக்கவேண்டும். இருந்தாலும் யோசித்துப் பதில் சொன்னார். "இல்லை. கையை வைக்க முந்திக் காலைப் பிடிச்சு வெளியாலை இழுத்துப் போட்டாங்கள். இன்னும் ரெண்டு நிமிசம் விட்டிருந்தால் சாப்பிட்டிருப்பன். சாப்பிட்டிருந்தால் இப்ப இதிலை நிண்டு கதைச்சுக்கொண்டிருக்க மாட்டன்."

வேப்பம் பழம் ஒன்று காரின் கூரையில் விழுந்து உருண்டது. தேவகுமாரி நீல நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வருடம் நாலு மணிக்கு வந்தவர் ஜொனதன் இல்லை, வெடித்த ரியூப்பிலிருந்து கசிந்த பெற்றோல்தான் என்று இந்த மனிதர் சொல்கிறார். அறிவுக்கு அது விளங்கியது. மனம் கேட்கவில்லை. நாளைக்கு நாலு மணி வரும். மறுநாளும் வரும். அவ்வளவு நாலு மணிகளை என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"பிலிப்பு, கொஞ்சமாய் விட்டுவைக்க ஏலாதோ?"

"எதை ரீச்சர்?"

அனுஜா வயிற்றைப் பிடித்த கை நினைவுக்கு வந்தது. தன்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவதற்காக ஜொனதன் கட்டிய கட்டு அது. இன்னொரு பெண்ணை வழியில் எரிப்பதற்காகக் கட்டியதல்ல. மகன் பிறந்த மறுநாளே இதைக் கழற்றச் சொல்லி அவளே அவரை நச்சரித்திருக்கவேண்டும். நச்சரிக்கவில்லை. ஒரு நாளைக்குச் செய்ததை முப்பது வருடம் வைத்திருந்த பிழையில் பாதி அவளுடையது, கடைசி எட்டு வருடம் முழுக்க முழுக்க அவளுடையது.

"ஒண்டுமில்லை," என்றாள். "எல்லாத்தையும் கழட்டுங்கோ. அந்த ஓட்டையையும் அடையுங்கோ."

பிலிப்பு இரண்டு நாள் வேலை செய்தார். புதிய குழாய் போட்டு, புகைக் குழாயிலிருந்து தள்ளி வேறு வழியால் கொண்டுபோய், இரண்டு பக்கமும் கிளிப் இறுக்கினார். தகட்டு ஓட்டையை றப்பர் வைத்து அடைத்தார். எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெள்ளைத் துணியால் ஒவ்வொரு மூட்டையும் துடைத்து, துணி காய்ந்திருப்பதைக் காட்டினார். நாலு நாள் கதவுகளைத் திறந்துவிடச் சொன்னார்.

நாலு கதவும் திறந்திருக்க, கார் சிறகு விரித்த பெரிய கோழி போல முற்றத்தில் நின்றது. காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறு பக்கத்தால் வெளியேறியது. தேவகுமாரி கதிரையைப் போட்டுக்கொண்டு எதிரே இருந்தாள். மணம் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மல்லிகைப் பந்தலைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, தோட்டத்துப் புகையிலைக் கன்றுகளுக்கு மேலால் அது போய்க்கொண்டேயிருந்தது. அன்றைக்கு ஜொனதனைப் புதைத்தபோது அவளைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், பாட்டுப் பாடினார்கள், ஆறுதல் சொன்னார்கள். இந்தத் தடவை ஒருவருக்கும் சொல்ல முடியாது. தனியாக இருந்து அழுதாள். நன்றாக அழுதாள். பிறகு எழுந்து போய், பிலிப்பு கழற்றிவைத்த கட்டிலிருந்து நீல நூலை மட்டும் பிரித்துத் தையல் பெட்டியில் போட்டாள். அது இரண்டு நாள் மணந்தது. மூன்றாம் நாள் வெறும் நூலாகிவிட்டது.

ஐந்தாம் நாள் நாலு மணிக்கு எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டாள். சுற்றிப்போய்ப் பக்கத்து ஆசனத்தில் இருந்தாள். கிடுகுகள் கிடுகுகளாகவே இருந்தன. ஓர் ஓணான் தூணில் ஏறியது. பத்து நிமிடம் இருந்துவிட்டு, பற்றரிக்கு இது போதும் என்று இறங்கிவிட்டாள்.

பேற்றுக்கு மூன்று கிழமை இருக்க அனுஜாவைத் தாய்வீட்டுக்குக் கொண்டுபோகும் நாள் வந்தது. ஓட்டோ பிடித்துப் போகச் சொல்லி மன்னாரிலிருந்து கெல்வின் ரெலிபோனில் கத்தினான். அனுஜா ரெலிபோனை வைத்துவிட்டுக் காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை உயர்த்தினாள். கைக்குட்டை மடியில் இருந்தது. மூக்கை உயர்த்தி ஒரு மூச்சு, கால் பக்கம் குனிந்து ஒரு மூச்சு. எட்டு மாதமும் ஒருவராலும் ஏமாற்ற முடியாதிருந்த மூக்கு அது.

"மாமி, ஒரு மணமும் இல்லை."

"ஓம் பிள்ளை," என்றாள் தேவகுமாரி. "ஒண்டும் இல்லை."

கைதடி வீதியில் வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. தேவகுமாரி இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்து, பள்ளம் வந்த இடமெல்லாம் காலைத் தளர்த்தி, பிள்ளை குலுங்காமல் ஓட்டினாள். எட்டு வருடத்தில் இந்த வீதியை அவள் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. பாலத்துக்கல் ஒன்று உடைந்திருந்தது. கொக்குகள் ஒற்றைக் காலில் மட்டும் நிற்கவில்லை, நடந்தன, சண்டை பிடித்தன, மீன் தின்றன. பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அனுஜா வயிற்றில் கையை வைத்தபடி ஆசனத்தில் சாய்ந்து நித்திரையாகியிருந்தாள். எதையோ கண்டு லேசாகச் சிரித்தாள். கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது, கைக்குட்டை கீழே விழுந்திருந்தது.

காலையில் கோப்பாய்ச் சந்திக் கடையில் வாங்கிய பொட்டலம் தேவகுமாரியின் கைப்பைக்குள் இருந்தது. பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், கியரிலிருந்து இடது கையை எடுத்து, பைக்குள் துழாவி, ஓர் இஞ்சி ரொபியைப் பக்கத்து ஆசனத்தின் பக்கம் நீட்டினாள். கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது. பிறகு அரைத்தூக்கத்தில் அனுஜாவின் விரல்கள் வந்து அதை வாங்கிக்கொண்டன. தாள் பிரிகிற சத்தம் கேட்டது. தேவகுமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உறைக்குது மாமி," என்றாள் அனுஜா, வாய்க்குள் ரொபியோடு.